கொல்லை யாருக்கு இருந்தது?

மாடித்தோட்டம் போடுகிறவர்களின் கூட்டங்களுக்கு என்னை விதை கொண்டுவரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு அதுதான் வேலை. சந்தோஷமாகப் போகிறேன். சின்னப் பிள்ளைகள்கூட மண்புழு உரம், பஞ்சகவ்யம், பூச்சிவிரட்டி என்று சரளமாகப் பேசுவதைக் கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் மேடையில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் கொல்லை இருந்தது, கொல்லையில் எல்லாமும் இருந்தது, நாம்தான் தொலைத்துவிட்டோம்.

நான் கிழக்குத் தஞ்சையில் கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரி. என் தாத்தா பண்ணையாள். எங்கள் தெருவில் யாருக்கும் கொல்லை கிடையாது. குடிசை நின்ற இடமே எங்களுடையதாக இல்லை. அதனால் இந்த வரலாற்றை எங்கள் தெருவிலிருந்து பார்த்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன்.

கொல்லை இருந்தது உண்மைதான். மிராசுதாரின் பெரிய வீட்டுக் கொல்லையை அப்பாயி எனக்கு அங்குலம் அங்குலமாகச் சொல்லியிருக்கிறாள். கிணற்றடியிலிருந்து ஓடும் தண்ணீருக்குச் சின்ன வாய்க்கால் கீறியிருப்பார்கள். குளித்த தண்ணீர், பாத்திரம் விளக்கிய தண்ணீர் எல்லாம் அதில்தான் போகும். முதலில் சேம்பு, அப்புறம் வாழை, கடைசியில் தென்னை. அன்றைக்குத் தேய்த்துக் குளித்தது அரப்பும் சீயக்காயும், பாத்திரத்துக்குப் போட்டது சாம்பலும் புளியும். வாழைக்கு எதுவும் கெடுதல் செய்யவில்லை. மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் குப்பைமேடு. சாணி, கூளம், அடுப்புச் சாம்பல், வாழைச்சருகு, எடுத்துப் போட்ட எச்சில் இலை எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்து கோடையில் வண்டி வண்டியாக வயலுக்குப் போகும். வீட்டிலிருந்து வெளியே எறிய ஒன்றும் இருக்காது.

அப்பாயிக்கு அது இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததற்குக் காரணம் அந்தக் குப்பையை வாரியவள் அவள். தொழுவத்தைக் கூட்டியவள், வாய்க்காலைச் சீய்த்துவிட்டவள், அவரைக்குப் பந்தல் போட்டவள் அவள். பந்தலுக்கு மூங்கில் வெட்டிக் கொடுத்தவர் தாத்தா. எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர், எதற்கு எவ்வளவு நிழல் என்ற அறிவெல்லாம் அவர்கள் கையில் இருந்தது. அறிவு இருந்தவர்களுக்கு மண் இல்லை.

இது புதிதாக வந்ததும் அல்ல. சோழர்காலத்துச் செப்பேடுகளில் நிலம் கொடுக்கும்போது மனையும் அதை ஒட்டிய மனைப்படப்பையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். படப்பை என்பது தோட்டம்தான். பிராமணர்களுக்கு ஊர் கொடுத்த பிரமதேயச் செப்பேடுகளில் இன்னும் ஒன்று வரும். கிணறு தோண்டலாம், தென்னை வைக்கலாம், தமனகமும் செண்பகமும் செங்கழுநீரும் நடலாம், சுட்ட செங்கல்லால் மாளிகை கட்டலாம் என்று உரிமைகள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கும். அந்த ஊர்த் தென்னையிலும் பனையிலும் கள்ளிறக்குகிற ஈழவர் ஏறக்கூடாது என்றும் அதிலேயே இருக்கும். ஒரு மரத்தை நடுவது சலுகையாக, அரசன் எழுதிக் கொடுக்கும் உரிமையாக இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு எல்லாம் வரி நீக்கிய நிலங்களாகக் கணக்கில் வருகின்றன. சேரி என்ற இடம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அளந்து எல்லை கட்டிய இடமாக இருந்தது. அங்கே இருந்தவர்கள் என்ன நட்டார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் இது காகிதத்தில் இன்னும் தெளிவாகிறது. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், அந்த ஜில்லாவின் பறையர்களுடைய நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். குடிசை போட்டிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருப்பதால், சொன்னபடி கேட்காத ஆளை நிலத்திலிருந்து மட்டுமல்ல, வீட்டிலிருந்தும் கிளப்பிவிட முடியும் என்ற உண்மையை அந்தக் குறிப்பு அரசின் மேசைக்குக் கொண்டுபோனது. அதைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணைதான் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கி, இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதற்குத் தொடக்கம். பஞ்சமி நிலம் பற்றி எல்லாரும் பேசுகிறோம். வீட்டுமனை பற்றிய பகுதியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வயலில் கூலி குறைந்தால் வேறு வயலுக்குப் போகலாம். குடிசையே அவருடைய மண்ணில் இருந்தால் எங்கே போவது? 1920-களில் தொழிலாளர் துறை என்று ஒன்று ஏற்பட்டு, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மனை வாங்கிக் கொடுத்துத் தவணையில் பணம் கட்டச் சொன்னது. அந்தக் காற்று எங்கள் ஊர்வரை வரவில்லை.

அப்படிப்பட்ட இடத்தில் என்ன வளர்க்க முடியும்? இதை நான் அப்பாயியிடம் நேராகக் கேட்டிருக்கிறேன். அவள் சொன்னது எல்லாமே கொடி. குடிசை ஓரத்தில் ஒரு முழம் மண்ணைக் கிளறி, ஆடி பிறந்ததும் பூசணி, பரங்கி, சுரை, பீர்க்கன் ஊன்றுவார்கள். தரையில் படர இடம் இல்லை, ஆடு மேயும், ஆள் மிதிக்கும். அதனால் நூலைக் கட்டிக் கூரைமேல் ஏற்றிவிடுவார்கள். கீற்றுக் கூரையின்மேல் பூசணி படர்ந்து, காய் முற்றி, பொங்கலுக்கு முன் கூரையில் வெள்ளை பூத்துக் கிடக்கும். கொடி ஆறு மாதத்துக் கணக்கு. நாளைக்கே கிளம்பு என்றாலும் விதையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடலாம். மரம் அப்படி இல்லை. தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம். மாவுக்கும் அப்படித்தான்.

“மரம் வெக்க ஆசை இல்லையா அப்பாயி?”

“ஆசைக்கென்ன. நட்டு ஆளாக்கி யாருக்கு வுட்டுட்டுப் போறது? மண்ணு யாருதோ மரமும் அவங்களுதுதானே.”

கிழக்குத் தஞ்சையின் வீட்டுத்தோட்ட வரலாற்றை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: கொல்லை உள்ள தெருவில் மரம், கொல்லை இல்லாத தெருவில் கொடி.

விதை காப்பாற்றுவதில் எங்கள் பெண்கள் காட்டிய கவனத்துக்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நட்ட இடம் நிலையில்லை, விதைதான் கையில் நிற்கும் சொத்து. பீர்க்கையில் முதல் நல்ல காயைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டு, காய்ந்ததும் அடுப்புக்கு மேலே உத்தரத்தில் கட்டுவார்கள். புகை பட்டுப் பட்டு வண்டு அண்டாது. வேண்டும்போது நுனியை உடைத்தால் கறுப்பு விதை கொட்டும், மிச்சமிருக்கும் கூடு உடம்பு தேய்க்கவும் பாத்திரம் விளக்கவும். பரங்கி விதையைப் பசுஞ்சாணியில் பிசைந்து வட்டமாகத் தட்டிச் சுவரில் அப்புவார்கள். வரட்டியாகக் காய்ந்து நிற்கும். அடுத்த ஆடியில் அதை அப்படியே ஒரு துண்டு உடைத்துக் குழியில் போட்டால் விதையும் எருவும் ஒன்றாக இறங்கும். அவரைக்குச் சாம்பல். கூட்டங்களில் நான் காட்டுவது இவற்றைத்தான். பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள். இது எந்த நிலைமையில் பிறந்த திறமை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சாணியைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. வேலைக்குத் தாமதமாக வந்தால், எதிர்த்துப் பேசினால், பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனை. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். 1943-இல் பி. சீனிவாசராவ் தஞ்சை மாவட்டத்துக்கு வந்து விவசாயிகள் சங்கம் கட்டிய பிறகுதான், ஊர் ஊராகப் போராடி இந்தத் தண்டனைகளை நிறுத்தினார்கள். இயற்கை விவசாயம் பேசுகிற மேடையில் சாணி தெய்வமாகக் கும்பிடப்படும்போது எனக்கு இது ஞாபகம் வரும். சாணியின்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் தோட்டத்துக்கு அதுதான் உயிர். அதை வாரியவர்களுக்கு அது இரண்டு விதமாகவும் வந்து சேர்ந்தது என்பது பதிவாக வேண்டும்.

அதற்குப் பிறகு சட்டங்கள் வந்தன. 1952-இல் தஞ்சை சாகுபடிதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1961-இல் குடியிருப்புதாரர்களை வெளியேற்றக் கூடாது என்று ஒரு சட்டம். ஏட்டில் இருந்த பாதுகாப்பு தெருவுக்கு வர நாளாயிற்று. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். கூலி கூட்டிக் கேட்ட தெரு அது. எங்கள் ஊரிலிருந்து நடக்கிற தூரம். அந்த ராத்திரிக்குப் பிறகு எங்கள் தெருவில் பல மாதம் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை என்று அம்மா சொல்வாள்.

1971-இல் வந்தது குடியிருப்புகளுக்கு உரிமை வழங்கும் சட்டம். மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்றது. அந்தச் சட்டத்தில் குடியிருப்பு என்றால் என்ன என்று விளக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. குடிசை நிற்கும் தரை மட்டும் அல்ல, அந்த வீட்டை வசதியாக அனுபவிக்கத் தேவையான ஒட்டிய இடமும் சேர்த்துத்தான் குடியிருப்பு என்கிறது. எங்களுடைய கொல்லை பிறந்தது அந்த வரியில்தான். செப்பேட்டில் மனையோடு மனைப்படப்பை போனதுபோல, எங்களுக்கு மனையோடு படப்பை வந்தது. ஆயிரம் வருஷத்துக்குப் பின்னால் வந்தது.

எத்தனை சென்ட் என்பதில் ஊருக்கு ஊர் இழுபறி. வேலியை எங்கே போடுவது என்பதே பெரிய சண்டை. அதனால் எங்கள் தெருவில் பட்டா கையில் வந்ததும் முதலில் நட்டது வேலி. பூவரசம் போத்து, ஒதியம் போத்து, கிளுவை. காசு செலவு இல்லை, ஊன்றினால் துளிர்க்கும், தழை வயலுக்கு மிதிக்க ஆகும், ஆட்டுக்கும் ஆகும். துளிர்த்து நின்றுவிட்டால் பிடுங்கிப் போடுவது எளிதில்லை. எல்லைக்கல்லைத் தூக்கி எறியலாம், வேர்விட்ட பூவரசை என்ன செய்வது?

இரண்டாவது முருங்கை. கைப்பருமன் கிளையை வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுப் பால் வற்றவிட்டு, மேல் வெட்டுவாயில் காயாமல் இருக்கச் சாணி உருண்டை வைத்து ஊன்றுவார்கள். எங்கள் மண் களி, பள்ளம். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நின்றால் முருங்கை அழுகிவிடும். அதனால் தாத்தா இடுப்புயரம் மண் கூட்டி மேடு போட்டு அதன்மேல் நட்டார். வாய்க்கால் தூர் வாரிய மண் அந்த மேட்டுக்குப் போனது. மழைக்காலத்தில் தண்டு முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பும், சாயங்காலம் பந்தம் கொளுத்திக் காட்டுவார். ஒரே வருஷத்தில் காய் வந்தது. அதன் கீரைதான் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கைக்காசு கொடுக்காமல், யாரையும் கேட்காமல், மரத்திலிருந்து பறித்துச் சமைத்த கீரை. தென்னை அதற்குப் பிறகு. தென்னம்பிள்ளை நட்ட அன்றைக்குத் தாத்தா தெருவில் எல்லாருக்கும் வெல்லம் கொடுத்தாராம். பேரன் பிறந்ததற்குக்கூடக் கொடுக்காதவர்.

குப்பைமேடும் அப்போதுதான் வந்தது. அதற்கு முன் எங்களுக்கென்று எரு சேர்க்க இடமும் கிடையாது, சேர்த்தாலும் போட நிலமும் கிடையாது. இரண்டு ஆடு, ஒரு கறவை, அடுப்புச் சாம்பல், கூளம், கொல்லை கூட்டின சருகு எல்லாம் சேர்ந்து மேடு வளர்ந்தது. புத்தகங்களில் எருக்குழி வெட்டு என்றுதான் போட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் குழி வெட்டினால் அடைமழையில் தண்ணீர் நின்று நாறும். அதனால் தரைக்கு மேலே குவிப்பதுதான் வழக்கம். பின்னாளில் வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தோரில் உருவாக்கிய கம்போஸ்ட் முறையைப் பற்றிப் படித்தபோது, மழைக்காலத்தில் குழியை விட்டுவிட்டுத் தரைமேல் குவியல் போடும்படி அவரும் சொல்லியிருப்பதைப் பார்த்தேன். 1931-இல் யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட புத்தகம் உலகம் முழுக்க இயற்கை வேளாண்மைக்கு ஆதாரமானது. இந்திய விவசாயிகளிடம் கற்றுக்கொண்டதாக அவர் மறைக்காமல் சொன்னவர். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அந்த விவசாயிகளில் குப்பை வாரிய கைகள் யாருடையவை என்று பிரித்துப் பார்க்கிற வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

கொல்லை வந்ததும் பெண்களின் பேச்சு மாறியது. அவரைக்காய் மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள், அவர்கள் கொத்தவரை கொடுப்பார்கள். அவரையில் அசுவினி ஒட்டினால் விடிகாலைப் பனி ஈரம் காயுமுன் சாம்பல் தூவ வேண்டும் என்பதை அம்மா என்னை எழுப்பிக் காட்டினாள். ஈரம் இருந்தால்தான் சாம்பல் ஒட்டும், வெயில் ஏறியபின் தூவினால் காற்றோடு போய்விடும். இலையின் அடிப்புறம் படும்படி கீழிருந்து மேலாக வீச வேண்டும். மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போவது குறைந்தது. கடன் கேட்டு நிற்பது குறைந்தது. கூலி வேலை இல்லாத ஐப்பசி கார்த்திகையில் பெரிய வீட்டு வாசலில் போய் நெல் கடன் கேட்காமல் முருங்கைக்கீரையும் நண்டுமாக ஒப்பேற்றிய குடும்பங்கள் எங்கள் தெருவில் உண்டு. பசுமை வாழ்க்கை என்று இன்று சொல்வதற்கு எங்கள் தெருவில் கிடைத்த முதல் பலன் காற்றோ குளிர்ச்சியோ அல்ல, யார் வாசலிலும் நிற்க வேண்டாம் என்பதுதான்.

1981-இல் சர்வோதயத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் உழுபவருக்கு நிலம் கிடைக்க லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, எங்கள் பகுதியில் நிலம் வாங்கிக் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பெண்களின் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். பெண் பெயரில் பத்திரம் இருந்தால் மரம் தப்பும் என்பது நான் கண்ணால் கண்டது. ஆண்கள் கடனுக்குத் தென்னையை வெட்டி விற்ற வீடுகளை எனக்குத் தெரியும். பெண் பெயரில் மனை இருந்த வீட்டில் அப்படி ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

நல்லது நடந்ததிலும் சில இழப்புகள் உண்டு. 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்து கீற்றுக் குடிசைகள் கான்கிரீட் வீடுகளாயின. தீக்குப் பயந்து தூங்கிய தெருவுக்குக் கான்கிரீட் கூரை எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வெண்மணிப் பக்கத்தில் பிறந்த எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் கூரைமேல் படர்ந்த பூசணி அத்தோடு போயிற்று. சித்திரை வெயிலில் கான்கிரீட் சுடும், கொடியின் நுனி கருகிவிடும். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினக் கடற்கரையில் புதுவீடு கட்டியபோது இன்னும் மோசம். பழைய வீடுகளோடு நின்ற மரங்களையும் வெட்டித் தரையைச் சமமாக்கிய பிறகே பல இடங்களில் வேலை தொடங்கினார்கள். அடுத்தடுத்து வரிசையாக வீடு, நடுவில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அப்புறம் 2018 நவம்பரில் கஜா புயல். தாத்தா வைத்த தென்னை அதில் சாய்ந்தது. முருங்கையும் முறிந்தது, ஆனால் முறிந்த கிளையையே வெட்டி ஊன்றினோம், மறு வருஷம் காய்த்தது.

இப்போது மனை பாகப்பிரிவினையில் துண்டாகிறது. அப்பாவுக்குக் கிடைத்த இடத்தில் மூன்று பிள்ளைகள் மூன்று வீடு கட்டினால் கொல்லை எங்கே நிற்கும்? நகரத்தில் என் மாணவர்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மொட்டைமாடியில் தொட்டி வைத்தால் ஈரம் இறங்கும் என்று வீட்டுக்காரர் எடுக்கச் சொல்கிறார். அவர்கள் பையில் தக்காளியும் கீரையும் வளர்க்கிறார்கள், வீடு மாறும்போது பையோடு எடுத்துப் போகிறார்கள். இதைக் கேட்கும்போது கூரைப் பூசணிதான் நினைவுக்கு வருகிறது. வீட்டுத்தோட்டத்துக்கு விதை கொடுக்கிறோம், பை கொடுக்கிறோம், தென்னைநார்க்கழிவு கொடுக்கிறோம். வாடகைக்கு இருப்பவர் நாலு தொட்டி வைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க யாரும் கேட்பதில்லை. கூட்டங்களில் நான் இதைக் கேட்கிறேன். வீட்டுக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது தெரிந்தே கேட்கிறேன்.

எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் இன்னும் சில குடும்பங்கள் புறம்போக்கில் இருக்கின்றன. நீர்நிலை என்பதால் பட்டா கிடைக்கவில்லை, மாற்று இடம் தருவதாகச் சொல்லி வருஷங்கள் ஆயிற்று. போன ஆடியில் அங்கிருந்து ஒரு பெண் விதைக்கு வந்தாள். என் கொல்லை முருங்கையில் நல்ல போத்து இருக்கிறது, வெட்டித் தரட்டுமா என்றேன்.

“வேணாம் டீச்சர். அவரையும் பரங்கியும் மட்டும் குடுங்க. இடம் குடுக்கட்டும், அன்னிக்கு நானே வந்து போத்து வெட்டிக்கிறேன்.”